கல்லில் எழுதிய கை கைபேசியில் எழுதக் கூடாதா?

2018ஆம் ஆண்டு மே மாதம். திருவண்ணாமலை மாவட்டத்திலே போளூருக்கு அருகே அத்திமூர் என்ற சிற்றூர். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து உறவினருடன் வந்த ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு மிட்டாய் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கும் கூட்டம்" என்று ஒரு கூக்குரல் கிளம்பிற்று. ஊர் திரண்டது, உதைத்தது, உடன் வந்தோரையும் உருக்குலைத்தது. அறுபதைக் கடந்த அந்தத் தாய் அடிபட்டே மாண்டார்.

பகையா காரணம்? இல்லை. பசியா காரணம்? இல்லை. சொத்துத் தகராறா? அதுவும் இல்லை. வடநாட்டுக் கும்பல் நுழைந்துவிட்டது, பிள்ளைகளைத் தூக்குகிறது என்று வாட்ஸ்அப் வழியே வலம் வந்த பொய், அந்த உயிரைக் குடித்தது. அந்தப் பொய் ஆங்கிலத்திலே வரவில்லை, இந்தியிலே வரவில்லை. அன்னைத் தமிழிலே வந்தது! அதைப் பெற்றோரும் பிறருக்கு அனுப்பியோரும் எழுத்தறியாத பாமரர்கள் என்று கூறித் தப்பித்துக்கொள்ள முடியுமா? பள்ளிப் படியேறியவர்கள், தமிழ்ப் பாடத்திலே தேறியவர்கள், ஏன், பட்டம் பெற்றவர்களுங்கூட அந்நாளில் அந்தச் செய்தியை நம்பினர், நடுங்கினர், நாலு பேருக்கு அனுப்பிவிட்டே உறங்கப் போயினர்.

எழுத்தைக் கூட்டிப் படிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தோம். செய்தியைப் படிக்கக் கற்றுக்கொடுத்தோமா? யார் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்ற வள்ளுவரின் அறிவுரையை இரண்டு மதிப்பெண் வினாவாக்கி, மனப்பாடம் செய்யவைத்து, மறக்கவும் வைத்தோம். அந்த அறிவுரை வேலை செய்ய வேண்டிய இடத்திலே, மாணவன் நாள்தோறும் படிக்கும் அந்தச் சின்னஞ்சிறு திரையிலே, தமிழாசிரியரைக் காணோம். தமிழ் வகுப்பைக் காணோம். பொய்யனுக்கும் புரட்டனுக்கும் அந்த இடம் புறம்போக்கு நிலமாகக் கிடக்கிறது!

ஆகவே கூறுகிறேன், தோழர்களே: சமூக ஊடகத்தைத் தமிழ் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும். பாடநூலுக்குப் பகையாக அல்ல, துணையாக. பொழுதுபோக்காக அல்ல, படிப்பாக. கொண்டுவர மறுப்பதை ஒழுக்கம் என்று சிலர் கருதிக்கொண்டிருக்கிறார்கள். ஒழுக்கமல்ல அது, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் போக்கு!

கல் சொல்லும் கதை

"கைபேசியா? வகுப்பறையிலா? தமிழ் கெட்டுவிடும்!" என்று கை பிசைகிறார்கள் நம் புலவர் பெருமக்களிலே சிலர். அவர்களை எங்கள் ஊர்ப் பக்கம் வருமாறு அழைக்கிறேன். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியிலே சித்தன்னவாசல். தாமரைக்குள ஓவியத்தைக் காண வருவோர் ஏராளம். வந்தவர்கள் ஏழடிப்பட்டம் என்ற குன்றின் குகைக்கும் ஏறிப் பார்க்கட்டும். பாறையிலே வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு படுக்கைகள். அவற்றில் ஒன்றிலே, ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழி எழுத்திலே, ஒரு செய்தி. எருமை நாட்டுக் குமுழூரிலே பிறந்த ஒருவருக்கு, சிறுபாவில் என்ற ஊரைச் சேர்ந்த இளையர் செய்தளித்த இருக்கை இது என்பதே அச்செய்தி.

எருமை நாடென்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். அயல்நாட்டிலிருந்து வந்தவருக்கு இருக்கை செய்து கொடுத்தவர்கள், யாருக்கு, எவர், என்ன செய்தோம் என்பதை எல்லோரும் காணும் பாறையிலே பொறித்தார்கள். மன்னன் மெய்க்கீர்த்தி அல்ல அது; மறைநூல் மந்திரமும் அல்ல. ஊரார் செய்த உதவியைப் பற்றிய ஒரு பதிவு. கொடுமணலிலும் கீழடியிலும் தோண்டி எடுத்த பானை ஓடுகளைப் பாருங்கள். சோறு பொங்கிய பானையிலும் நீர் மொண்ட கலத்திலும் தமிழ் மக்கள் தங்கள் பெயரைக் கீறிவைத்திருக்கிறார்கள். எழுத்து அன்று எல்லோர் கையிலும் புழங்கிய பொருள். கல்லும் ஓடும் தமிழைக் கெடுத்துவிடவில்லை. தமிழின் தொன்மைக்குச் சான்று கேட்டோர் முன்னே இன்று அந்தக் கல்லும் ஓடுந்தானே சாட்சிக் கூண்டிலே ஏறி நிற்கின்றன!

அதே சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை. ஒன்பதாம் நூற்றாண்டிலே, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்திலே, அதைப் புதுப்பித்தவன் பெயரும் கல்வெட்டிலே இருக்கிறது. மன்னன் பெயருக்கு அருகே மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று ஓர் ஆசிரியன் பெயர்! தன் காலத்துக் கருவியைக் கையிலெடுத்து, தன் காலத்து மக்கள் காணும் இடத்திலே தமிழை நிறுத்தினான் அவன். அவன் வழியிலே வந்தவர்கள் என்று கூறிக்கொள்ளும் நாம், கருவியைக் கண்டதும் கதவைச் சாத்துவதா?

இருட்காலமும் ஒன்று இருந்தது. வேதத்தைக் கேட்ட சூத்திரன் செவியிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதிவைத்தார்கள் தரும சூத்திரக்காரர்கள். எழுத்து ஏட்டிலே முடங்கிற்று. ஏடு சிலர் வீட்டிலே முடங்கிற்று. 1578இல் தமிழ் அச்சேறியது. ஆயினும் இந்நாட்டவர் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள 1835வரை காத்திருக்க நேர்ந்தது. கருவி வந்துவிடும், அது எவர் கைக்குப் போகும் என்பதிலேதான் எப்போதும் போராட்டம். இன்றைய போராட்டமும் அதுவே!

அன்று படிப்பகம்

நம் இயக்க வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925இல் பெரியார் குடி அரசைத் தொடங்கினார். அதன் பின்னே வந்த ஏடுகள் எத்தனை! ஊருக்கு ஊர் படிப்பகங்கள் எழுந்தன. முடி திருத்தகத்திலே ஒருவர் உரக்கப் படிப்பார். சோப்பு நுரை காயும் வரை கேட்டுக்கொண்டிருப்பார் இன்னொருவர். தேநீர்க் கடைப் பலகையிலே, தையற்காரர் திண்ணையிலே, பீடி சுற்றும் கூடத்திலே ஏடு கைமாறிற்று. பள்ளியைக் காணாதவன் பத்திரிகையால் எழுத்துக் கூட்டினான். பேச்சைக் கேட்டுத் தமிழ் பழகினான், மேடையேறினான், சட்டமன்றம் வரை சென்றான்.

அன்றும் சிலர் சிரித்தார்கள். "வெட்டிப் பேச்சு, வீண் பொழுது, அடுக்குமொழி" என்றார்கள். அந்த வெட்டிப் பேச்சுத்தான் தமிழ்நாட்டு உழைப்பாளியின் நாவிலே செந்தமிழை ஏற்றிற்று! வகுப்பறை கைவிட்டவனைப் படிப்பகம் கைதூக்கிற்று. ஏட்டைப் படித்தான், படித்ததைப் பற்றி வாதிட்டான், வாதிட்டதை ஏட்டுக்கு எழுதினான். மொழியைக் கற்கும் முறை இதனினும் சிறந்தது எது?

பெரியார் 1935இல் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தம் ஏட்டிலேயே நடைமுறைப்படுத்தினார். ஏன்? அச்சுக் கோப்பவனுக்கும் படிக்கும் பிள்ளைக்கும் சுமை குறைய வேண்டும் என்பதற்காக. எழுத்து எந்திரத்துக்கு ஏற்ப இயங்க வேண்டும் என்று துணிந்து கூறினார். "புனித எழுத்தைத் தொடாதே" என்றவர்கள் இருந்தார்கள். 1978இல் தமிழக அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. இன்று அந்த எழுத்திலேயே படிக்கிறார்கள், அன்று எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்!

புதுக்கோட்டை கண்ட புதுமை

எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் எழுந்தது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்லுடைக்கும் பெண்கள், களையெடுக்கும் பெண்கள், பகலெல்லாம் வேலை செய்து இரவிலே விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கற்றார்கள். எழுத்தோடு நின்றார்களா? மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள்! பல்லாயிரம் பெண்கள் வண்டியேறியபோது, சாலையோரத்து ஆண் சிங்கங்கள் வீசிய ஏளனமும் இழிசொல்லும் கொஞ்சமல்ல. "பெண் சைக்கிள் ஓட்டினால் குடும்பம் கெடும்" என்றார்கள். கெட்டதா? தண்ணீர்க் குடம் வண்டியிலே வந்தது. காய்கறி வண்டியிலே சந்தைக்குப் போயிற்று. பிள்ளை வண்டியிலே பள்ளிக்குப் போயிற்று. எழுதக் கற்றவர்கள் ஆட்சியருக்கு மனு எழுதினார்கள். எழுத்து, வண்டி, மனு என்று மூன்றும் சேர்ந்தபோது கல்வி உயிர் பெற்றது.

அதே மண்ணிலே, 2015 அக்டோபர் 11ஆம் நாள், தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. அதை நடத்தியது புதுக்கோட்டைக் கணினித் தமிழ்ச் சங்கம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நா. முத்துநிலவன் போன்றோர் அதற்கு முன்பிருந்தே ஆசிரியர்களை அழைத்து, இணையத்திலே தமிழில் எழுதும் பயிற்சியை இலவசமாக அளித்துவந்தார்கள். சுண்ணக்கட்டி பிடித்த விரல்கள் விசைப்பலகை பிடித்தன. ஆசிரியர்கள் எழுதினார்கள், ஊர் படித்தது, உலகத் தமிழர் மறுமொழி எழுதினர். வழி தெரியவில்லை என்று எவரும் கூற முடியாது. வழி நம் வாசலிலேயே போடப்பட்டிருக்கிறது. ஆசிரியர் நடந்த அந்த வழியிலே மாணவரை அழைத்துச் செல்வதுதான் மிச்சம்.

எண்கள் உரைக்கும் உண்மை

2022ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்விலே, தமிழ்ப் பாடத்திலே தேறாதோர் 47 ஆயிரத்துக்கும் மேல்! தமிழ்நாட்டிலே, தமிழிலே! அதே ஆண்டில் அசர் ஆய்வு தமிழக ஊர்ப்புறத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தது. இரண்டாம் வகுப்புப் பாடத்தை நூற்றுக்கு ஐவர்கூடத் தடையின்றிப் படிக்கவில்லை. 2020 மார்ச்சிலே மூடிய பள்ளிகள், சிறுவர்களுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. இடையிலே இருந்த இருபது மாதங்களின் விலை அது. அரசு வாளாவிருக்கவில்லை, 2021இல் இல்லம் தேடிக் கல்வி, 2022இல் எண்ணும் எழுத்தும் என்று திட்டங்கள் வந்தன. வரவேற்போம்.

ஆனால் அந்த இருபது மாதத்திலே இன்னொன்றும் நடந்தது. குடிசைக்குள் கைபேசி நுழைந்தது. "பாடம் வாட்ஸ்அப்பிலே வருகிறது" என்று சொல்லி நாமேதான் வாங்கச் சொன்னோம்! கூலி வேலை செய்யும் தந்தை கடன்பட்டு வாங்கினார். பள்ளி திறந்ததும் என்ன செய்தோம்? "அதைத் தொடாதே, அது பாவம்" என்றோம். பாடத்தை வெளியே எடுத்துக்கொண்டோம். கருவியை மட்டும் பிள்ளை கையிலே விட்டுவிட்டோம்.

விளைவு? 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வு, இந்திய நாட்டு ஊர்ப்புறங்களிலே 14 முதல் 16 வயது வரையுள்ளோரிடம் கேட்டது. நூற்றுக்கு 82 பேருக்குத் திறன்பேசியை இயக்கத் தெரியும். அந்த வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டோர் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகத் தொட்டோர் 76 விழுக்காடு. பிள்ளை இருக்கும் இடம் அது. ஆசிரியன் இல்லாத இடமும் அது!

அங்கே யார் இருக்கிறார்கள்? சோதிடன் இருக்கிறான். சாமியார் இருக்கிறார். சாதிச் சங்கத்தான் இருக்கிறான். இசை கூட்டி, மீசை முறுக்கி, முப்பது நொடிக் காணொளியிலே குலப்பெருமை கொட்டுகிறான். 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியில், உடன் பயின்ற மாணவனையே வீடு புகுந்து வெட்டினார்கள் பள்ளிப் பிள்ளைகள். தடுக்க வந்த தங்கையையும் விட்டுவைக்கவில்லை. அதன் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையிலே, சாதி காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. நன்று. கையிலே கட்டிய கயிற்றை வாயிலிலே நின்று அறுக்கலாம். திரைக்குள்ளே கட்டப்படும் கயிற்றை எவர் அறுப்பது? அது சொல்லால் திரித்த கயிறு. சொல்லை ஆராயக் கற்றவன்தான் அறுப்பான். அதைக் கற்பிக்கும் இடம் மொழி வகுப்பு.

வகுப்பிலே செய்ய வேண்டியவை

இன்று பள்ளிக்கொரு வாட்ஸ்அப் குழு உண்டு, மறுக்கவில்லை. அதிலே என்ன ஓடுகிறது? சுற்றறிக்கை. விழாப் படம். வீட்டுப்பாடப் பக்கத்தின் நிழற்படம். பொழுது விடிந்ததும் பூவோடும் சாமி படத்தோடும் காலை வணக்கம்! மொழி கற்பிக்க வந்த கருவியைத் தபால்பெட்டியாக்கிவிட்டு, "சமூக ஊடகத்தால் பயனில்லை" என்று தீர்ப்பும் எழுதுகிறார்கள். உழாத நிலத்தைப் பார்த்து விளையவில்லை என்பது போன்றது இது.

உழுது பாருங்கள். முதல் வேலை, எழுத்து. நம் பிள்ளைகள் திரையிலே தமிழைத் தமிழெழுத்தில் எழுதுவதில்லை. ஆங்கில எழுத்திலே அம்மாவை அழைக்கிறார்கள். திட்டுவதால் இது தீராது. தமிழ் 99 விசைப்பலகையைக் கற்பித்தால் தீரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாக, கலைஞர் ஆட்சியிலே தமிழக அரசு ஏற்ற பலகை அது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்ற 31 விசைகளால் 247 எழுத்தும் பிறக்கின்றன. ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் 'கா' வருகிறது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்ற இலக்கணத்தைக் கண்ணெதிரே காட்டும் கருவி! மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழுகிறது. நகரத்தையடுத்துத் தகரம் வந்தால் 'ந்த' ஆகிறது. இன எழுத்து இன்னதென்று விரலே உணர்கிறது. கரும்பலகையிலே ஒரு வாரம் விளக்கினாலும் தூங்கி வழியும் பிள்ளை, விசையிலே ஒரு மணி நேரத்தில் விழித்துக்கொள்கிறான். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் கைபேசிக்குள்ளேயே இந்தப் பலகையைத் தருகிறது.

இரண்டாம் வேலை, ஆராய்ச்சி. வந்த செய்தியைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியின் பெற்றோர் குழுவிலே ஒரு செய்தி உலவிற்று. ஏழடிப்பட்டத்துப் படுக்கைகள் சித்தர்கள் படுத்தவையாம், அமாவாசை இரவிலே அதில் படுத்தெழுந்தால் தீராத நோய் தீருமாம், பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வருமாம், அனுப்பாவிட்டால் தீங்காம்! முன்பு அஞ்சலட்டையிலே வந்த பூச்சாண்டிதான், இப்போது திரையிலே வந்திருக்கிறது. அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப்போட்டேன். எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எவர் கண்டார்? சான்று எங்கே? இதை நம்பினால் யாருக்கு ஆதாயம்? இவை ஐந்தும் வகுப்பின் வினாக்கள்.

பிள்ளைகள் துளைத்தெடுத்தார்கள். தொல்லியல் துறை மாலையிலேயே மூடிவிடும் குகைக்குள் அமாவாசை இரவில் நுழைந்தவன் எவன் என்றான் ஒருவன். கல்வெட்டிலே சித்தர் என்ற சொல்லே இல்லையே என்றாள் ஒருத்தி. ஒற்றுப் பிழைகள் இத்தனை என்று எண்ணிக்கொடுத்தான் இன்னொருவன். தேர்விலே ஒற்றை விட்டுவிடுபவன் அவன்! இறுதியிலே எட்டு வரியில் ஒரு மறுப்பு எழுதினார்கள். நான்கு முறை திருத்தினார்கள். சொல் கடுமையாகிவிட்டதே, பெரியவர்கள் படிப்பார்களே என்று தாமாகவே மாற்றினார்கள். அது அதே குழுவுக்கே போயிற்று. கட்டுரைப் பயிற்சி என்று பெயரிட்டு "மழைநீர்ச் சேகரிப்பு" எழுதச் சொன்னபோது, எவரும் நான்கு முறை திருத்தியதில்லை. காரணம் வெளிப்படை. அதைப் படிக்கப்போவது சிவப்பு மை ஒன்றுதான். இதைப் படிக்கப்போவது ஊர்!

இது புதிதுமல்ல. அண்டைக் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலே 2018இல் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில், பொய்ச் செய்தியைக் கண்டறியும் பாடம் நடத்தினார்கள். தடுப்பூசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் பரவிய புரளியே அவர்களை விழிக்கவைத்தது. அதே தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிப் புரளி 2017இல் தமிழ்நாட்டிலும் பரவிற்று. பெற்றோர் பலர் பிள்ளையை அனுப்ப அஞ்சினர். அவர்கள் பாடம் எழுதினார்கள். நாம்?

மூன்றாம் வேலை, பேச்சு. வகுப்பிலே வாய் திறக்க நாணும் பிள்ளை, குரற்பதிவிலே பேசுகிறது. தன் குரலைத் தானே கேட்கிறது. ழகரம் வழுக்கிய இடத்தை ஆசிரியர் சொல்லுமுன் அறிந்து மீண்டும் பதிகிறது. தாமரைக்குள ஓவியத்தைத் தன் சொல்லால் வருணிக்கும் நான்கு மணித்துளிப் பேச்சை, வேறொரு மாவட்டத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். தமிழ் ஆட்சிமொழிகளிலே ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரின் தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கள். கனடாவிலே வார இறுதியில் தமிழ் பயிலும் ஈழத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள். அங்கிருந்து வினாக்கள் வரும். விடை சொல்ல மேலும் படிக்க வேண்டிவரும். படிக்கும் ஆவலை இதைவிட எப்படி ஊட்டுவது?

மறுப்போருக்கு மறுமொழி

"ஆபாசம் இருக்கிறதே, அடிமைத்தனம் இருக்கிறதே" என்பர். இருக்கிறது, மறுக்க நான் பித்தனல்லன். பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாதென்று 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியா தடுத்திருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கிறது. நன்று; ஏற்போம். நான் கேட்பது பிள்ளைக்கொரு கணக்கல்ல. வகுப்புக்கொரு கணக்கு, அது ஆசிரியர் கையிலே. பிள்ளையின் படம் வேண்டாம், முழுப்பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். குரலோ எழுத்தோ வெளியே போகுமுன் பெற்றோர் இசைவு வேண்டும். நள்ளிரவுத் திரையிலே தனியே உழலும் பிள்ளையை, பட்டப்பகலிலே நாற்பது பேர் நடுவே ஆசிரியர் துணையோடு அதே திரையைப் பார்க்கவைப்பது கெடுக்கும் வேலையா, காக்கும் வேலையா?

"ஏழைக்கு ஏது கைபேசி?" என்பர். உண்மையான கவலை, ஆனால் தவறான முடிவு. பெருநகரத் தனியார் பள்ளியிலே தொடுதிரை. பன்னாட்டுப் பாடத்திட்டத்திலே ஊடகப் படிப்பு. ஊர்ப்புற அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் "உனக்கு வேண்டாம், கெட்டுப்போவாய்" என்ற உபதேசம்! 1953இல் ஆச்சாரியார் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றார். கொதித்தெழுந்தோம், 1954இல் அத்திட்டம் குழி புகுந்தது. கருவியை ஒரு வகுப்பாருக்கு ஆக்கி, அச்சத்தை மறு வகுப்பாருக்கு ஆக்குவதும் ஒரு குலக்கல்வியே. நாற்பது பேருக்கு நாற்பது கைபேசி வேண்டாம். பள்ளியின் கணினியறை ஒன்று, ஆசிரியரின் கைபேசி ஒன்று போதும். படிப்பகத்திலே ஓர் ஏட்டை ஊரே படிக்கவில்லையா?

"பெண்பிள்ளை கையிலே கொடுக்கலாமா?" என்பர். இந்தக் குரலைப் புதுக்கோட்டை முன்பே கேட்டிருக்கிறது. முத்துலட்சுமி மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது, ஒரு பெண் வந்தால் ஆண்பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று கூச்சலிட்டார்கள். அவர் சேர்ந்தார், மருத்துவரானார், 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்தார், தேவதாசி முறைக்கு எதிராக முழங்கினார். கூச்சலிட்டோர் பெயரை எவர் நினைவிலே வைத்திருக்கிறார்கள்?

"அமெரிக்க முதலாளியின் கடையல்லவா அது?" என்பார் நம் தோழர்களே. ஆம். முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஒரே நிறுவனத்தின் உடைமை. யூடியூப் கூகுளின் உடைமை. அந்த முதலாளிக்குத் தமிழ்மீது காதலில்லை. நம் நேரத்தின்மீதுதான் காதல். அதையும் பாடமாக்குவோம். ஒரு காணொளி ஏன் உன் முன்னே வந்தது, எவனுக்கு அதனால் காசு என்று பிள்ளையைக் கேட்போம். பிள்ளைகள் எழுதியதில் நிலைக்கத் தக்கதைத் தமிழ் விக்கிப்பீடியாவிலே சேர்ப்போம். 2003 முதல் தன்னார்வலர் உழைப்பால் வளரும் பொதுக் களஞ்சியம் அது. சந்தை எவனுடையதாயினும் அங்கே பேசும் மொழி நம்முடையது. சந்தைக்குப் போகாதவனைச் சந்தை ஏமாற்றாது என்று எண்ண வேண்டாம். அவன் வீட்டுக்கே வந்து ஏமாற்றுகிறது!

இளைஞர்களுக்கு

ஆசிரியர்களை மட்டும் நம்பியிராதீர், தோழர்களே. பாடச்சுமையும் பதிவேட்டுச்சுமையும் அவர்களை நெரிக்கின்றன. அரசு ஆசிரியப் பயிற்சியிலே இதற்கு இடம் தரட்டும்; தமிழ்ப் பாடநூலிலே விரைவுக்குறியீடு அச்சிட்டதோடு நில்லாமல், செய்தியாய்வுக்கென ஓர் இயல் ஒதுக்கட்டும்; தேர்விலே ஒரு பொய்ச் செய்தியைக் கொடுத்து "இதை மறுத்தெழுது" என்று கேட்கட்டும். இதை ஊர்தோறும் வற்புறுத்துங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது, திறந்துவிடுங்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் 99 கற்றுக்கொடுங்கள். அந்த வாரம் ஊர்க் குழுவிலே உலவிய ஒரு செய்தியை எடுத்து, ஐந்து வினாவால் அறுத்துப் பாருங்கள். மறுப்பைப் பிள்ளைகளே எழுதட்டும். நீங்கள் பிழை திருத்துங்கள். எழுதியதை ஊருக்கு அனுப்புங்கள். சினங்கொள்வோர் இருப்பர்; சிரிப்போர் இருப்பர். மிதிவண்டி ஏறிய நம் தாய்மார் கேட்காத சிரிப்பா?

அத்திமூர் மூதாட்டியைக் கொன்ற பொய், ஒரே ஒரு கையிலே தடைபட்டிருந்தால் போதும், அவர் கோயிலைக் கண்டு ஊர் திரும்பியிருக்கக்கூடும். அடுத்த பொய் எந்நேரமும் வரலாம். அது வந்து சேரும் கைபேசியை ஏந்தி நிற்பது, இன்று நம் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளை. "சான்று எங்கே?" என்று கேட்கும் தமிழை அந்தப் பிள்ளைக்கு இந்த வாரமே கற்றுக்கொடுப்போம். புறப்படுங்கள்!